பட்டும் பாட்டாளியும்

அருப்புக்கோட்டையிலே தறியோசை, திருச்சுழியிலே குண்டாற்று மணல், சுற்றிலும் வானம் பார்த்த பூமி. இந்த வறண்ட வட்டாரத்துக்கும், சீனப் பட்டுக்காகப் பேரரசுகள் நடத்திய போட்டிக்கும் என்ன தொடர்பு? உண்டு. இது பாண்டிய நாடு; பாண்டியனின் துறையிலே அந்தப் பட்டு கப்பலேறிற்று!

கிழக்கே சீனத்தின் ஹான் பேரரசு, மேற்கே ரோமாபுரி. நெய்தவன் ஒரு கோடியில். உடுத்தியவன் மறு கோடியில். இடையில் நின்றது பார்த்தியப் பேரரசு. வழி அதன் கையில். ஆகவே வருவாயும் அதன் கையில்! கி.பி. 97-இல் ரோமாபுரி நோக்கிப் புறப்பட்ட சீனத் தூதன் கான் யிங், கடற்கரை வரை சென்றான். காற்று வாய்க்காவிடில் கடலைக் கடக்க ஈராண்டும் ஆகுமென்று அங்கிருந்த மாலுமிகள் அச்சுறுத்தினர், திரும்பிவிட்டான். பட்டு வணிகத்தை விட மனமின்றியே பார்த்தியர் வழிமறித்தனர் எனச் சீன வரலாற்றேடு செப்புகிறது.

தரை வழியை மறிக்கலாம். பருவக்காற்றை மறிக்க இயலுமா? அக்காற்றைத் துணைகொண்டு ரோமாபுரிக் கலங்கள் முன்னரே தமிழகத்தை அடைந்திருந்தன. சேரனின் முசிறியிலும், மேலைக் கடற்கரையிலே பாண்டியனுக்கு உரியதாயிருந்த நெல்கிந்தாவிலும் மிளகு, முத்து, தந்தம் ஆகியவற்றுடன் பட்டாடையும் ஏற்றப்பட்டதை, முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் கடற்பயணக் குறிப்பு கூறுகிறது. இந்தியா, சீனம், அரேபியா ஆகிய மூன்றுக்கும் ஆண்டுதோறும் 10 கோடி செஸ்டர்ஸ் நாணயம் போய்விடுகிறதே என்று பிளினி புலம்பினார்.

போட்டி ஓய்ந்ததா? ஆறாம் நூற்றாண்டிலே, இந்தியக் கலங்கள் வந்தடையும் துறைகளிலேயே பாரசீக வணிகர் பட்டு முழுவதையும் வாங்கிக் குவித்தனர். அதனை முறியடிக்க எத்தியோப்பியரின் துணையை நாடினான் பேரரசன் ஜஸ்டினியன், பலிக்கவில்லை. இறுதியில், 552-ஆம் ஆண்டையொட்டி, பட்டுப்புழுவின் முட்டைகளையே துறவியர் வாயிலாகத் தருவித்தான். படையால் ஆகாததைப் பூச்சி செய்தது!

அரசர் பெயர் ஏட்டில் இருக்கிறது. புழு வளர்த்தவள் பெயர் எங்கே? முத்துக் குளித்தவன் பெயர் எங்கே? மூட்டை சுமந்தவன் பெயர் எங்கே? உழைத்தவன் ஒருவன், வழியைப் பிடித்தவன் வேறொருவன். பயன் பின்னவனுக்கே!

பேரரசுகள் மாண்டன, அந்தக் கணக்கு மாளவில்லை. தறியில் அமர்ந்தவனுக்கும் துணி வாங்குவோனுக்கும் இடையில் நிற்பவனே இன்றும் விலை சொல்கிறான். 1935-இல் கோ-ஆப்டெக்ஸ் தோன்றியது இதனை மாற்றவே. நெய்யும் கைகளுக்கே சந்தைக்குச் செல்லும் வழியும் உரியதாக வேண்டும். அருப்புக்கோட்டைத் தறிகளுக்குப் பட்டுப் பாதை புகட்டும் பாடம் இதுதான்.