ஒளியும் பூசிய வண்ணமும்: ஹாலிவுட் உருவப்படக் கலையும் தமிழ்த் திரை நிழற்படங்களும்

முன்னுரை

1930களில் ஹாலிவுட் படநிறுவனங்கள் தம் நடிகர்களின் உருவப்படங்களை விளம்பரத்திற்கெனத் தனியே எடுத்தன. அவற்றுள் பெரும்பாலானவை கருப்பு வெள்ளைப் படங்களே. இன்று அவை கணினிவழி வண்ணமாக்கப்படுகின்றன. தமிழ்த் திரைக் கலைஞர்களின் பழைய படங்களும் அவ்வாறே மாற்றப்படுகின்றன. அப்படங்களின் கவர்ச்சிக்கு அடிப்படை ஒளியே என்பதையும், பின்னர்ப் பூசிய வண்ணம் வரலாற்றுச் சான்றாகாது என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

ஒளியமைப்பு

1930இல் எம்.ஜி.எம். நிறுவனத்தில் சேர்ந்த ஜார்ஜ் ஹரெல், கூரிய ஒளியாலும் ஆழ்ந்த நிழலாலும் முகத்தின் அமைப்பை எடுத்துக்காட்டினார். நெகட்டிவின் மீது பென்சிலால் தீட்டித் தோலின் குறைகள் மறைக்கப்பட்டன.

தமிழ்த் திரையிலும் இத்தகைய ஒளிநுட்பத்தின் தடத்தைக் காணலாம். அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் 1935இல் இந்தியா வந்து, 1936இல் ‘சதி லீலாவதி’யை இயக்கினார். ‘மீரா’ (1945) படத்திற்காக எம்.எஸ். சுப்புலட்சுமியின் மார்பளவுச் சிலையைச் செய்வித்து, ஒளிப்பதிவாளர் ஜிதன் பானர்ஜியுடன் பல கோணங்களில் ஒளியிட்டுச் சோதித்தார். அம்முகத்தின் பொலிவு இவ்வாறு திட்டமிட்டு உருவாக்கப்பட்டதாகும்.

வண்ணத்தின் வரம்பு

கருப்பு வெள்ளைப் படலம் ஒளியின் அளவையே பதிவு செய்கிறது. சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல் நிறமாகப் பதியக்கூடும். சிவப்பை உணராத ஆர்த்தோகுரோமாட்டிக் படலத்தில் குங்குமம் கருமையாகவே தெரியும். எனவே சேலையின் நிறத்தையோ மேனியின் நிறத்தையோ படத்திலிருந்து மட்டும் உறுதிசெய்தல் இயலாது. ‘எம்.எஸ். நீலம்’ என்னும் பட்டு நிறத்தின் புகழைக் கொண்டு அவரது பழைய படத்தில் நீலம் பூசுவது ஊகமே. மேனி நிறத்தை வெளிர்ப்பித்தால், அக்காலக் கலைஞரின் தோற்றமே திரிக்கப்படுகிறது.

அக்காலப் புகைப்பட நிலையங்களில் கையால் தீட்டப்பட்ட வண்ணம் இதனின்றும் வேறானது. அது அக்கால ரசனைக்குச் சான்று. கணினி வண்ணம் இக்கால விருப்பத்திற்கே சான்று.

முடிவுரை

இவ்வரையறை திரைப்படங்களுக்கு மட்டும் உரியதன்று. உத்தமபாளையம் உள்ளிட்ட கம்பம் பள்ளத்தாக்கு ஊர்களின் வீட்டுச் சுவர்களிலிருந்து திரட்டப்படும் குடும்பப் படங்களுக்கும் பொருந்தும். ஆவணப்படுத்துவோர் மூலப்படத்தை மாற்றமின்றிப் பேணி, வண்ணப்படியைத் தனியே வைத்து, அது வண்ணமாக்கப்பட்ட ஆண்டையும் முறையையும் குறித்தல் வேண்டும். இல்லையேல், அடுத்த தலைமுறை ஊகத்தையே வரலாறாகக் கொள்ளும்.