ஆபரேஷனுக்கு முன் குறட்டையைப் பற்றி ஏன் கேட்கிறார்கள்?



ஆபரேஷனுக்கு முந்தின நாள் மயக்க மருந்து டாக்டர் வந்து பார்ப்பார். சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, ஆடும் பல் ஏதாவது இருக்கிறதா என்று கேட்பார். இப்போது பல இடங்களில் இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது: "குறட்டை விடுவீர்களா?" நம்மில் பலர் லேசாகச் சிரித்து, "அதெல்லாம் இல்லை டாக்டர்" என்று சொல்லிவிடுகிறோம். பக்கத்தில் நிற்கும் மனைவி வாயைத் திறப்பதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடும்.

அந்தக் கேள்வி அங்கே வந்து சேரச் சுமார் 160 ஆண்டுகள் ஆயின. அந்தக் கதை தெரிந்தால் அடுத்த முறை உண்மையைச் சொல்வீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் வில்லியம் மார்ட்டன் என்ற பல் மருத்துவர், ஈதர் கொடுத்து நோயாளியை மயங்க வைத்துப் பலர் முன்னிலையில் அறுவை சிகிச்சைக்கு உதவினார். வலியில்லாத ஆபரேஷன் பரவலாகத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். கூடவே ஒரு சிக்கலும் வந்தது. மயங்கியவரின் தசைகள் தளர்ந்து, நாக்கு பின்னால் சரிந்து, தொண்டை அடைபடும். மூச்சு விட நெஞ்சு முயன்றாலும் காற்று உள்ளே போகாது. கீழ்த்தாடையை முன்னோக்கி இழுத்துப் பிடித்தால் வழி திறக்கும் என்று 1874-இல் நார்வே மருத்துவர் யாக்கோப் ஹைபெர்க் எழுதினார். இன்றும் மயக்க மருந்து டாக்டர்கள் அதையே செய்கிறார்கள்.

ஆக, மயக்கத்தில் தொண்டை அடைபடும் என்பது அப்போதே தெரியும். அதே அடைப்பு சாதாரணத் தூக்கத்திலும் சிலருக்கு இரவெல்லாம் நடக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க மேலும் 90 ஆண்டுகள் தேவைப்பட்டன. காரணம் எளிது. ஆபரேஷன் மேஜையில் படுத்திருப்பவரை ஒரு டாக்டர் பார்த்துக்கொண்டே இருக்கிறார். வீட்டில் தூங்குகிறவரை யாரும் பார்ப்பதில்லை. பார்த்தாலும் சிரித்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்கிறோம்.

இந்தச் சிரிப்புக்கு இலக்கியத்திலேயே சாட்சி உண்டு. சார்லஸ் டிக்கன்ஸ் 1836-37-இல் தொடராக எழுதிய 'பிக்விக் பேப்பர்ஸ்' நாவலில் ஜோ என்றொரு குண்டுப் பையன் வருவான். வேலை நடுவிலேயே தூங்கி விழுந்து குறட்டை விடுவான். வாசகர்கள் ரசித்துச் சிரித்தார்கள்.

1956-இல் பாஸ்டனில் சிட்னி பர்வெல்லும் சக மருத்துவர்களும் இந்தப் பையனின் பெயரால் ஒரு நோயை விவரித்தார்கள். அவர்களிடம் வந்தவர் மிகப் பருமனான ஒரு தொழில் நிர்வாகி. சீட்டாட்டத்தில் கையில் மூன்று ஏஸ், இரண்டு ராஜா. நிச்சயம் ஜெயிக்கக்கூடிய கை. பந்தயம் கட்ட வேண்டிய நேரத்தில் தூங்கிவிட்டார்! அதற்குப் பிறகுதான் மருத்துவமனைக்கு வந்தார். இதற்குப் 'பிக்விக் நோய்' என்று பெயர் வைத்தார்கள். ஆனால் இரவில் என்ன நடக்கிறது என்பது அப்போதும் பிடிபடவில்லை.

1965-இல் பிரான்ஸின் மார்செய் நகரில் காஸ்தோ குழுவினரும், ஜெர்மனியில் யுங், கூலோ இருவரும் தனித்தனியாக இத்தகைய நோயாளிகளைத் தூக்கத்தில் கருவிகளால் கவனித்தார்கள். தொண்டை அடைபட்டு மூச்சு நிற்கிறது. மூளை ஒரு கணம் விழித்துக்கொள்கிறது. பெரிய குறட்டையோடு மூச்சு திரும்புகிறது. மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. தூங்குகிறவருக்கு எதுவும் நினைவிருக்காது. காலையில் அசதி மட்டும் மிஞ்சும். இதைத்தான் இன்று ஸ்லீப் ஆப்னியா என்கிறோம்.

அப்போது இருந்த முக்கிய சிகிச்சை, கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாய்க்கு நேர்வழி வைப்பது. 1980-இல் சிட்னியில் அப்படிப்பட்ட ஆபரேஷன் தேவை என்று சொல்லப்பட்ட ஒருவர், வேறு வழியைச் சோதிக்க ஒப்புக்கொண்டார். டாக்டர் காலின் சல்லிவன், மூக்கில் ஒரு முகமூடியைப் பொருத்தி, காற்றூதும் மோட்டாரால் மெல்லிய அழுத்தத்தில் காற்றைச் செலுத்தினார். தொண்டை திறந்தே இருந்தது. அவர் இரவு முழுக்கத் தூங்கினார். 1981-இல் ஐந்து நோயாளிகளின் அனுபவம் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. இன்று சிலர் தலைமாட்டில் வைத்திருக்கும் சிபாப் மெஷின் பிறந்தது இப்படித்தான்.

இது அபூர்வ நோயும் இல்லை. 2004-இல் வெளியான மும்பை ஆய்வில், நடுத்தர வயது நகர்ப்புற ஆண்களில் 7.5 சதவீதத்தினருக்கு, பகல் தூக்கத்தோடு சேர்ந்த ஸ்லீப் ஆப்னியா இருந்தது. பெண்களுக்கும் வரும். ஒல்லியானவர்களுக்கும் வரலாம்.

இனி ஆபரேஷன் விஷயத்துக்கு வருவோம். தூக்கத்தில் மூச்சு நின்றால் மூளை தட்டி எழுப்புகிறது. நம் கேட்டில் இருக்கும் இரவு வாட்ச்மேன் மாதிரி. மயக்க மருந்தும், ஆபரேஷனுக்குப் பின் தரும் மார்ஃபின் வகை வலி மருந்துகளும், தூக்க மாத்திரைகளும் அந்த வாட்ச்மேனையே உறங்க வைத்துவிடும். ஆபரேஷன் அறையில் டாக்டர் கூடவே இருக்கிறார். சிக்கல் பெரும்பாலும் அதற்குப் பிறகு, வார்டில், இரவில்தான்.

அதனால்தான் 2006-இல் அமெரிக்க மயக்க மருந்து நிபுணர்கள் சங்கம் இதற்கென வழிகாட்டுதல் வெளியிட்டது. 2008-இல் டொரண்டோவின் டாக்டர் பிரான்சிஸ் சுங் குழுவினர் எளிய எட்டுக் கேள்விகளைத் தந்தார்கள். மூடிய கதவைத் தாண்டிக் கேட்கும் குறட்டையா? பகலில் அசதியா? தூக்கத்தில் மூச்சு நிற்பதை யாராவது பார்த்தார்களா? ரத்த அழுத்தம் உண்டா? உடல் எடைக் குறியீடு 35-க்கு மேலா? வயது 50-ஐத் தாண்டியதா? கழுத்துச் சுற்றளவு 40 செ.மீ.க்கு மேலா? ஆணா? மூன்று 'ஆம்' வந்தாலே கவனம் தேவை. ஐந்து வந்தால் ஆபத்து அதிகம்.

2019-இல் 'ஜாமா' இதழில் வந்த ஆய்வு இன்னும் யோசிக்க வைக்கிறது. ஐந்து நாடுகளில், இதய நோய் வரும் வாய்ப்புள்ள 1,218 பேரைப் பெரிய ஆபரேஷனுக்கு முன் சோதித்தார்கள். யாருக்கும் முன்பு ஸ்லீப் ஆப்னியா கண்டறியப்படவில்லை. சோதனையில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு ஏதோ ஓர் அளவில் அது இருந்தது. அடைப்பு கடுமையாக இருந்தவர்களில் 30 சதவீதத்தினருக்கு ஒரு மாதத்துக்குள் இதயம், ரத்தநாளம் சார்ந்த சிக்கல் வந்தது. அடைப்பே இல்லாதவர்களில் 14 சதவீதத்தினருக்கு.

இதைப் படித்துவிட்டு யாரும் ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டாம். முன்கூட்டித் தெரிந்தால் டாக்டர்கள் மருந்தை மாற்றுவார்கள், தலையை உயர்த்திப் படுக்க வைப்பார்கள், இரவில் ஆக்சிஜன் அளவைக் கண்காணிப்பார்கள். தெரியாவிட்டால்தான் தொல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். உங்கள் குறட்டையைப் பற்றி உங்களைக் கேட்டுப் பயனில்லை. பக்கத்தில் படுப்பவரைக் கேளுங்கள். தனியாக இருப்பவர்கள் ஒரு ராத்திரி போனில் பதிவு செய்து பாருங்கள். சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் தூக்கப் பரிசோதனை பற்றிப் பேசுங்கள். சிபாப் மெஷின் வைத்திருப்பவர்கள் ஆபரேஷனுக்குப் போகும்போது அதையும் கொண்டுபோகலாமா என்று முன்பே கேளுங்கள். வீடு திரும்பிய பிறகும் டாக்டரைக் கேட்காமல் தூக்க மாத்திரை போடாதீர்கள்.

வீட்டில் மெடிக்கல் ஃபைல் வைத்திருப்பீர்கள். அதன் முதல் பக்கத்தில் ரத்த வகைக்குக் கீழே இன்றே ஒரு வரி எழுதி வையுங்கள்: 'குறட்டை உண்டு, மூச்சு நிற்பதைப் பார்த்திருக்கிறோம்.' அவசரத்தில் ஆம்புலன்ஸ் வரும்போது அதைச் சொல்ல யாருக்கும் நினைவு வராது.