ஃப்ரான்ஸ் தோத்தா பாண்டியில யாருக்கு வலிக்குது?

இந்த எபிசோடு ஃபுட்பால்ல ஆரம்பிக்கும். ஆனா நாம பேசப்போறது 1962-ஆம் ஆண்டைப் பத்தி. ரெண்டுக்கும் நடுவுல பாண்டிச்சேரியோட கதை ஒண்ணு ஒளிஞ்சிருக்கு.

முதல்ல மேட்ச். 2022 டிசம்பர் 18, கத்தாரில் லுசைல் மைதானம். உலகக் கோப்பை இறுதிப் போட்டி, நம்ம நேரப்படி ராத்திரி எட்டரைக்கு ஆரம்பம். 79 நிமிடம் வரை அர்ஜென்டினா 2, ஃப்ரான்ஸ் 0. ஃப்ரான்ஸ் அணி அதுவரை உருப்படியா ஒரு ஷாட்கூட அடிக்கல. அப்புறம் எம்பாப்பே ரெண்டு நிமிடத்துக்குள்ள ரெண்டு கோல் போட்டார். கூடுதல் நேரத்தில் மெஸ்ஸி ஒண்ணு, எம்பாப்பே இன்னொண்ணு. 3-3. ஆட்டம் முடிய சில விநாடிகள் இருக்கும்போது கோலோ முவானிக்கு முன்னால கோல்கீப்பர் மார்டினெஸ் மட்டும்தான் நிக்கிறார். பந்து அவரோட இடது கால்ல பட்டுத் தெறிச்சுப் போயிடுது. பிறகு பெனால்டி ஷூட்அவுட்டில் 4-2 என்று அர்ஜென்டினா ஜெயித்தது.

2-0 என்றே முடிஞ்சிருந்தா ஃப்ரான்ஸ் ரசிகர்கள் தூங்கியிருப்பாங்க. “சரிப்பா, இன்னைக்கு நம்ம ஆளுங்க ஆடல”ன்னு சொல்லிட்டுப் போயிடலாம். நூலிழைத் தோல்வியில அந்த ஆறுதல் கிடையாது. அந்த இடது கால் நாலு அங்குலம் தள்ளி இருந்திருந்தா என்ற கணக்கு வருஷக்கணக்கா மனசுல ஓடும்.

இந்தக் கணக்கை ஃப்ரான்ஸ் ரசிகர்கள் ரொம்ப காலமா போட்டுட்டு இருக்காங்க. அதுல மிகப் பழைய, ஆழமான காயம் 1982 ஜூலை 8, ஸ்பெயினில் செவியா நகரம். அரையிறுதி, எதிரி மேற்கு ஜெர்மனி. ஸ்கோர் 1-1 ஆக இருக்கும்போது, மாற்று வீரராக வந்த பத்திஸ்தோன் பந்தைத் துரத்தி ஓடினார். ஜெர்மன் கோல்கீப்பர் ஷூமாக்கர் பாய்ந்து வந்து அவர்மேல மோதினார். பத்திஸ்தோன் நினைவிழந்தார், பற்கள் போயின, ஸ்ட்ரெச்சரில் தூக்கிட்டுப் போனாங்க. நடுவர் ஃபவுல்கூட கொடுக்கல, கோல் கிக் கொடுத்தார்! அதுக்கப்புறமும் கூடுதல் நேரத்தில் ஃப்ரான்ஸ் 3-1 என்று முன்னால போனது. ஜெர்மனி திரும்பி வந்து 3-3 ஆக்கியது. உலகக் கோப்பை வரலாற்றிலேயே முதல் பெனால்டி ஷூட்அவுட் அன்னைக்குத்தான் நடந்தது. ஃப்ரான்ஸ் 5-4-ல் தோத்தது. ஷூமாக்கர் பின்னால பத்திஸ்தோனை நேரில் சந்தித்து மன்னிப்புக் கேட்டார். ரசிகர்கள் அவ்வளவு சுலபமா மன்னிக்கல.

இப்ப பாண்டிக்கு வருவோம். கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்கு எதிரே ஒரு வெள்ளை நினைவுச்சின்னம் இருக்கே, அது முன்னால நீங்க செல்ஃபி எடுத்திருப்பீங்க. முதல் உலகப் போரில் பிரெஞ்சுக் கொடிக்குக் கீழே செத்த பிரெஞ்சிந்திய வீரர்களுக்காகக் கட்டியது, 1938-ல் திறந்து வச்சது. 1940-ல் ஹிட்லரிடம் பாரிஸ் விழுந்தபோது, இங்கே ஆளுநராக இருந்த லூயி போன்வேன் சரணடைந்த அரசை ஏற்காம, தெ கோல் பக்கம் நின்றார். ஆக, ஜெர்மனியோட ஃப்ரான்ஸ் மோதினா அது நமக்குச் சம்பந்தமில்லாத ஐரோப்பியச் சண்டைன்னு இந்த ஊர்ல சில குடும்பங்களால சொல்ல முடியாது. அவங்க வீட்டு ஆள் ஒருத்தர் அந்தச் சண்டைக்குப் போயிருப்பார்.

அந்தக் குடும்பங்களுக்குப் பாண்டித் தமிழ்ல ஒரு பேர் உண்டு: சொல்தா வீடு. ‘சொல்தா’ன்னா பிரெஞ்சில் படைவீரன். ஆனா கதை படைவீரர்களுக்கும் முன்னாலயே ஆரம்பிக்குது. 1881 செப்டம்பரில் பிரெஞ்சு அரசு ஒரு ஆணை போட்டது. இந்து, கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்களில் யார் வேணும்னாலும் தங்களோட வழக்கமான சொந்தச் சட்டத்தை, அதாவது கல்யாணம், சொத்து, வாரிசு பத்தின சட்டத்தை, விட்டுட்டு பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்குள்ள வரலாம். வர்றவங்க குடும்பப் பெயர் ஒண்ணு வச்சுக்கணும். அன்னைக்கு எழுதின பேரை இன்னைக்கும் பேரப்பிள்ளைங்க பாஸ்போர்ட்டில் தூக்கிட்டுத் திரியறாங்க. சாதி அடுக்கில் கீழே தள்ளப்பட்டவங்க பலருக்கு அது ஒரு வாசல். அந்த வாசல் வழியா போனவங்களோட பிள்ளைங்க சைகோனுக்குக் குமாஸ்தாவாவும் படைவீரனாவும் போனாங்க. இந்தோசீனா, அல்ஜீரியா என்று ஃப்ரான்ஸ் சண்டை போட்ட இடத்துக்கெல்லாம் போனாங்க.

1954 அக்டோபர் 18-ல் கீழூரில் வாக்கெடுப்பு. 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோட சேரணும்னு சொன்னாங்க. நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. 1956 மே 28-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆனா ஃப்ரான்ஸ் நாடாளுமன்றம் அதை ஏற்க 1962 ஜூலை வரை இழுத்தது. ஏன்? அல்ஜீரியாவில் போர் நடந்துட்டு இருந்தது. பாண்டியைச் சட்டப்படி விட்டுக்கொடுத்தா அல்ஜீரியாவையும் விடுன்னு கேட்பாங்களேன்னு பயம். 1962 ஜூலை 5-ல் அல்ஜீரியா விடுதலை. ஆகஸ்ட் 16-ல் பாண்டி சட்டப்படி இந்தியா.

அன்னைக்கு இருந்து ஆறு மாசம் கெடு. பாண்டியில் பிறந்து பாண்டியிலேயே வாழ்ந்தவங்க எதுவும் செய்யலைன்னா தானா இந்தியர். ஃப்ரான்ஸ் குடியுரிமை வேணும்னா எழுதிக் கொடுக்கணும். ரெண்டும் சேர்த்து வச்சுக்க முடியாது. சுமார் 5,000 பேர் எழுதிக் கொடுத்தாங்க. மிச்ச லட்சக்கணக்கானவங்க இந்தியரானாங்க. ஒரே தெருவுல, சில வீடுகள்ல ஒரே குடும்பத்துல, அண்ணன் ஒரு நாடு, தம்பி ஒரு நாடு. ஓய்வூதியம் இருந்தவர் அந்தப் பக்கம், நிலம் இருந்தவர் இந்தப் பக்கம், கெடு முடிஞ்ச பிறகு யோசிச்சவர் ரெண்டுக்கும் நடுவுல. ஒரு கையெழுத்து வித்தியாசம்தான். நூலிழைன்னு நான் முன்னால சொன்னது இதுக்கும் பொருந்தும்.

இப்ப ஜூலை 1962-ஐ இன்னொரு பக்கத்துல இருந்து பாருங்க. அல்ஜீரியாவின் கபீல் பகுதியிலிருந்து 1950-களில் ஃப்ரான்ஸுக்கு வேலைக்குப் போன ஒரு தொழிலாளி, மார்செய்ல் நகரத்தில் குடியேறினார். அவருக்கு 1972-ல் பிறந்த மகன்தான் ஜிதான். அதாவது எந்தப் போர் முடியறதுக்காகப் பாண்டியோட ஒப்பந்தம் காத்துக் கிடந்ததோ, அந்த நாட்டுக் குடும்பத்துப் பிள்ளை பின்னால ஃப்ரான்ஸ் அணிக்குக் கேப்டன். 2006 இறுதிப் போட்டியில், பெர்லினில், இத்தாலிக்கு எதிரா அவர் முதல் கோல் போட்டதும், 110-வது நிமிடத்தில் மாத்தெராஸியைத் தலையால முட்டிச் சிவப்பு அட்டை வாங்கினதும் உங்களுக்குத் தெரியும். பெனால்டியில் த்ரெஸெகே அடிச்சது மேல்கம்பத்துல பட்டது. 5-3. இன்னொரு நூலிழை. அந்த அணியில் மாற்று வீரராக விகாஷ் தோராசூ இருந்தார். மொரிஷியஸ் வழியா ஃப்ரான்ஸ் போன இந்திய வம்சாவளிக் குடும்பம் அவருடையது.

ஒண்ணைத் தெளிவாச் சொல்லிடறேன். பாண்டி முழுக்க ஃப்ரான்ஸ் ரசிகர்கள்னு நினைச்சுடாதீங்க. 2022 ஃபைனலை நான் ஒயிட் டவுன்ல ஒரு நண்பர் வீட்டு மாடியில பார்த்தேன். பாதிப் பேர் மெஸ்ஸி ஜெர்சியில் இருந்தாங்க. இந்தியா ஒரு உலகக் கோப்பையிலும் ஆடினதில்லை. 1950-ல் இடம் கிடைச்சும் போகல. அதனால நாம எல்லாருமே இரவல் அணியைத்தான் தூக்கி வச்சுக் கொண்டாடறோம். நம்ம யூனியன் பிரதேசத்தோட இன்னொரு துண்டான மாஹேயைச் சுத்தியிருக்கற மலபாரில் அர்ஜென்டினாவும் பிரேசிலும் குலதெய்வம் மாதிரி.

அன்னைக்கு மாடியில் ஒரு சொல்தா வீட்டுத் தாத்தாவும் இருந்தார். மெஸ்ஸி ஜெர்சி போட்ட பையன் ஒருத்தன் கிண்டலா, “தாத்தா, உங்க ஊர் தோத்துடுச்சே”ன்னான். அவர் சொன்னார்: “எங்க ஊர் பாண்டிடா. தோத்தது என் நாடு.” எல்லாரும் சிரிச்சோம். எனக்கு அந்த வாக்கியம் இன்னும் ஓடிக்கிட்டே இருக்கு. 1962-ல் எழுதிக் கொடுத்த விண்ணப்பத்தோட ஒருவரிச் சுருக்கம் அது.

மறுநாள் நடந்ததுதான் இந்த எபிசோடை நான் பேசக் காரணம். ஷூட்அவுட்டில் தவறவிட்ட கோமான், சுவாமெனி, கடைசி வாய்ப்பைத் தவறவிட்ட கோலோ முவானி, மூணு பேரும் கறுப்பின வீரர்கள். சமூக வலைத்தளத்தில் அவங்க பக்கத்துல இனவெறி வசைகள் குவிஞ்சுது. கோமானின் பெற்றோர் குவாதலூப் தீவைச் சேர்ந்தவங்க. அது பாண்டியை விடப் பழைய பிரெஞ்சு மண். குவாதலூப் 1635-லேயே பிரெஞ்சுக் குடியேற்றம், பாண்டி 1674. ஆனாலும் ஒரு பெனால்டியை கீப்பர் தடுத்ததும், அவர் வெளியாளாக ஆக்கப்பட்டார். இது புதுசும் இல்ல. 1996-லேயே ழான்-மரி லெ பென் என்ற அரசியல்வாதி, வெளியிலிருந்து ஆளைக் கூட்டிட்டு வந்து இதை ஃப்ரான்ஸ் அணின்னு சொல்றது செயற்கைன்னு பேசினார். ரெண்டு வருஷம் கழிச்சு அதே மாதிரி அணி கோப்பையை ஜெயிச்சதும் சாம்ப்ஸ்-எலிஸே முழுக்கக் கொண்டாட்டம்.

தோல்விக் கோபம் நியாயமானது. நடுவர்மேல கத்தலாம், கோச் எதுக்கு முதல் பாதி முடியறதுக்குள்ளயே ழிரூவையும் தெம்பெலேவையும் எடுத்தார்னு விடிய விடிய வாதாடலாம். 1982-ல் அந்தக் கோபத்துக்கு எதிரணியில் ஒரு முகம் கிடைச்சது, ஷூமாக்கர். 2022-ல் எதிரணிமேல குத்தம் சொல்ல அவ்வளவா எதுவும் இல்ல. அதனால கோபம் உள்பக்கமா திரும்பி, “இவன் நம்ம ஆளே இல்ல”ன்னு ஆள் தேடுச்சு. ஜெயிக்கும்போது யாரும் கேட்காத பிறப்புச் சான்றிதழைத் தோக்கும்போது கேட்கறாங்க.

இந்தக் கேள்வி பாரிஸ் புறநகரில் வளர்ற பாண்டிக் குடும்பத்துப் பிள்ளைங்களுக்கும் நாளைக்கு வரும். அவங்கள்ல ஒருத்தர் அந்த நீல ஜெர்சியைப் போட்டு ஒரு பெனால்டியைக் கம்பத்துல அடிச்சார்னு வைங்க. அவரோட கொள்ளுத்தாத்தா பேர் கடற்கரை நினைவுச்சின்னம் யாருக்காக நிக்குதோ அவங்கள்ல ஒண்ணா இருக்கலாம். அதை யாரும் போய்ப் பார்க்க மாட்டாங்க, பேரைத்தான் பார்ப்பாங்க.

தாத்தாவோட கோபம் எனக்குப் பிடிச்சதுக்குக் காரணம் இதுதான். அவர் அன்னைக்கு ராத்திரி முழுக்கத் திட்டினார். மார்டினெஸை, நடுவரை, கோச்சை, டிவி கேபிள்காரரைக்கூட. அந்த மூணு பையன்களை ஒரு வார்த்தை சொல்லல. யாரோ சொல்லப் போனப்ப, “அவனுங்க அடிக்கப் போனானுங்கல்ல, அது போதும்”னு நிறுத்தினார். ஒரு நாட்டுக்காரன்னு நிரூபிக்கறதுக்காக ஆயுசு முழுக்கக் காகிதம் காட்டினவருக்கு, இன்னொருத்தர்கிட்ட காகிதம் கேட்க மனசு வராது போல.

அடுத்த தடவை உங்க டீம் நூலிழையில் தோத்து, வாட்ஸ்ஆப் குரூப்புல யார்மேல பாயலாம்னு கை பரபரக்கும்போது இதை நினைச்சுக்கங்க. கோபத்தை எதிரணிமேல, நடுவர்மேல, கம்பத்துமேல காட்டுங்க. ஊரையும் பேரையும் விட்டுடுங்க.

உங்க வீட்டுல 1962 கதை ஏதாவது இருந்தா எழுதி அனுப்புங்க. குறிப்பா, எழுதிக் கொடுக்காமல் விட்டவங்க கதை. அடுத்த எபிசோடில் பேசலாம்.