பூஜ்ஜியத்தை அளந்தவர்கள்

பிளஸ் டூ இயற்பியலில் மின்புலம் பற்றி மூன்று சூத்திரங்கள் வரும். மின்னூட்டம் பெற்ற கோளத்தை விட்டு விலகினால் புலம் தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும். நீளமான கம்பி என்றால் தொலைவுக்கு எதிர்விகிதம், அவ்வளவுதான். மிகப் பெரிய தகடு என்றால் விலகினாலும் புலம் குறையாது! மூன்றையும் தனித்தனியாக மனப்பாடம் செய்கிறோம். ஆனால் அடியில் இருப்பது ஒரே விதி. அது பிறந்த கதையைப் பார்ப்போம்.

1755-ல் பெஞ்சமின் பிராங்க்ளின் ஒரு விந்தையைக் குறிப்பிட்டார். மின்னூட்டிய வெள்ளிக் குவளைக்குள் பட்டு நூலில் கட்டிய தக்கை உருண்டையை இறக்கினால், அது எந்தப் பக்கமும் இழுக்கப்படவில்லை. வெளியே இழுத்த குவளை உள்ளே சும்மா இருந்தது. ஏன் என்று அவருக்குத் தெரியவில்லை.

ஜோசப் பிரீஸ்ட்லி அதைத் தானும் செய்து பார்த்து, 1767-ல் வெளியிட்ட நூலில் ஓர் ஊகம் சொன்னார். உள்ளீடற்ற கோளத்துக்குள் அதன் ஈர்ப்பு விசை பூஜ்ஜியம் என்று நியூட்டன் நிரூபித்திருந்தார். காரணம், இருமடி விதி. அப்படியென்றால் மின்விசைக்கும் அதே விதியாக இருக்கலாமே!

அந்த ஊகத்தைச் சோதித்தவர் ஹென்றி கேவண்டிஷ். 1772-73-ல் ஓர் உலோகப் பூச்சுள்ள உருண்டையை இரண்டு அரைக்கோளங்களுக்குள் மூடி, கம்பியால் இணைத்து, வெளி ஓட்டுக்கு மின்னூட்டம் கொடுத்தார். பிறகு இணைப்பை எடுத்துவிட்டு ஓட்டைத் திறந்து, உள் உருண்டையை நெட்டிப் பந்துகளால் சோதித்தார். மின்னூட்டமே இல்லை. அடுக்கு 2 என்பதிலிருந்து ஐம்பதில் ஒரு பங்குக்கு மேல் விலக முடியாது என்று கணக்கிட்டார். ஆனால் வெளியிடவில்லை!

1785-ல் பிரான்சில் கூலூம் முறுக்குத் தராசால் விசையையே நேரடியாக அளந்தார். பந்துகளின் இடைவெளி 36 பாகை இருந்தபோது முறுக்கும் 36. இடைவெளியை 18 ஆக்க, முறுக்கு 144 தேவைப்பட்டது. பாதி தூரம், நான்கு மடங்கு விசை. விதிக்கு அவர் பெயரே நிலைத்தது. கேவண்டிஷின் தாள்களை மேக்ஸ்வெல் 1879-ல்தான் அச்சேற்றினார்.

சரி, கம்பிக்கும் தகடுக்கும் ஏன் வேறு சூத்திரம்? பொருளைச் சின்னச் சின்னப் புள்ளிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இருமடி விதியைப் போட்டுக் கூட்டிப் பாருங்கள். தகட்டை விட்டு விலகும்போது ஒவ்வொரு புள்ளியின் இழுப்பும் பலவீனமாகிறது. ஆனால் நேர் எதிரே இழுக்கும் பரப்பு அதே அளவுக்குப் பெரிதாகிறது. இரண்டும் சரிக்குச் சரி. கம்பி ஒரு திசையில் மட்டும் நீள்வதால், பாதி ஈடுதான் கிடைக்கிறது.

அடுக்கு 2-க்குப் பதில் 2.1 என்று வைத்துப் பாருங்கள். தகட்டின் புலம் மாறாமல் இருக்காது, கோளத்தின் உட்புறமும் பூஜ்ஜியமாக இருக்காது. கூலூம் விசையை அளந்தார். கேவண்டிஷ் விசை இல்லாத இடத்தைத் தேடினார். இழுப்பு எத்தனை பங்கு என்று துல்லியமாகச் சொல்வது கடினம். இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பது எளிது. அதனால்தான் மேக்ஸ்வெல் தன் காலத்தில் மறுபடி சோதிக்க நினைத்தபோது, முறுக்குத் தராசை விட்டுவிட்டு கேவண்டிஷின் வழியையே எடுத்துக்கொண்டார்.