முள் பொய் சொல்லலாமா? பழைய காரின் மானிகள்



நாங்கள் வாழும் சுவிற்சர்லாந்து மணிக்கூட்டுக்குப் பேர்போன நாடு. கார்களில் இருக்கும் மானிகளும் மணிக்கூட்டுக்காரரின் கைவேலைதான் என்பது பலருக்குத் தெரியாது. பாரிஸ் நகரின் எட்மண்ட் ஜேகர், சுவிஸின் லெகூல்ற் தொழிலகத்தோடு சேர்ந்து கைக்கடிகாரம் செய்தவர். அவரது பெயர் பின்னர் ஜாகுவார் கார்களின் மானிகளிலும் இடம்பிடித்தது. 1851இல் லண்டனில் மணிக்கூட்டுக் கடையாகத் தொடங்கிய ஸ்மித்ஸ் நிறுவனமும் அப்படித்தான் கார் மானிகளுக்கு வந்தது.

எங்கள் யாழ்ப்பாணத்துத் தெருக்களில் ஓடிய மொறிஸ் மைனரின் வேகமானியும் பெற்றோல் மானியும் ஸ்மித்ஸ் செய்தவையே. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், சில துளி பெற்றோலில் ஸ்ராட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள் அவை. அந்த நினைவுதான் என்னை இங்கே 1960களின் பிற்பகுதியைச் சேர்ந்த ஒரு மைனரை வாங்க வைத்தது.

மைனர் 1948 முதல் 1971 வரை உற்பத்தியானது. கடைசிவரை பற்றரியின் நேர்முனையே காரின் உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. மின்சாரம் தந்தது டைனமோ. எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது டைனமோ போதிய மின்சாரம் தராது. 1980இல் திறக்கப்பட்ட, கிட்டத்தட்ட 17 கிலோமீற்றர் நீளமான கொத்தார்ட் சுரங்கத்தில் வாகனங்கள் ஊர்ந்து போகும் நாளில், விளக்கும் ஹீற்றரும் சேர்ந்து பற்றரியைக் குடித்துவிடும். அதனால் பலரும் எதிர்முனையை உடலோடு இணைத்து, ஒல்ரனேற்றர் பூட்டுகிறார்கள். நானும் அதைச் செய்வித்தேன்.

வேகமானிக்கு இதனால் ஒன்றும் ஆகாது. ஒட்டோ ஷூல்ஸ 1902இல் காப்புரிமை பெற்ற முறையில், சுழலும் காந்தமே முள்ளை இழுக்கிறது. அதற்கு மின்சாரம் தேவையில்லை. அம்பியர் மானி உள்ள கார்களில் முள் எதிர்ப்பக்கம் போகும். அதன் இரண்டு வயர்களையும் மாற்றிப் பூட்டினால் சரி.

பெற்றோல் மானிதான் கவனிக்க வேண்டியது. பழைய வகையில் இரண்டு சுருள்கள் முள்ளை இரு பக்கமும் இழுக்கும். மின்னழுத்தம் கூடினாலும் இரண்டு இழுப்பும் சேர்ந்தே கூடும். முள் அதிகம் மாறாது. 1960களில் பரவிய வகையில், சூடாகி வளையும் ஈருலோகத் தகடு முள்ளைத் தள்ளும். அழுத்தம் மாறினால் அளவும் மாறும். ஆகவே அதைச் சராசரி 10 வோல்ட்டில் வைத்திருக்க ஒரு சிறு பெட்டி, அதாவது ஸ்ரபிலைசர், உண்டு.

வேலை முடிந்து வந்த என் கார், தாங்கியில் பாதி இருக்கும்போதே நிறைந்ததாகக் காட்டியது. மலைப்பாதையில் நடுவழியில் நிற்க வைக்கும் பொய் அது. வேலை செய்த கராஜில், பழைய மானியைக் கழற்றிப் புதியது போடச் சொன்னார்கள். எனக்கு மனம் வரவில்லை. சுவிஸில் 30 வருடம் கடந்த காரை வேற்றரன் வாகனமாகப் பதிந்தால் பரிசோதனை ஆறு வருடத்துக்கு ஒருமுறைதான்; ஆனால் கார் மூல நிலையைக் காத்திருக்க வேண்டும்.

மானியில் பிழையில்லை. ஸ்ரபிலைசரின் உடல் காரின் உலோகத்தைத் தொடாமல் இருந்தது. அப்படியானால் அதன் தொடுமுனைகள் திறந்து மூடாது. ஒல்ரனேற்றரின் 14 வோல்ட் அளவும் அப்படியே மானிக்குப் போகும். துருவைச் சுரண்டி இறுக்கிப் பூட்டியதும் முள் உண்மை சொன்னது.

இதே வேலையில் இறங்கும் நேயர்களுக்கு ஒன்று. ஈருலோக ஸ்ரபிலைசருக்கு முனை மாறினால் பரவாயில்லை. இலத்திரனியல் ஸ்ரபிலைசர் வாங்கினால், உங்கள் காரின் முனைக்கு ஏற்றதா என்று கேட்டு வாங்குங்கள். மானியைக் குப்பையில் போடுமுன் அதற்கு வரும் மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள். மீண்டும் அடுத்த மாதம் சந்திப்போம்.