மறிச்சுக்கட்டியில் எண்ணப்பட்ட சிப்பிகள்

மன்னாரிலிருந்து சிலாவத்துறை வழியாகத் தெற்கே செல்லும் பாதை வில்பத்துக் காட்டைத் தொடுவதற்குச் சற்று முன்னர் மறிச்சுக்கட்டி வருகிறது. இந்தப் பெயரை இரண்டு துயரங்களின் வழியாகவே இன்றைய வாசகர்கள் அறிவார்கள். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது வெறிச்சோடிய ஊர்களில் இதுவும் ஒன்று. 2009க்குப் பின்னர் மக்கள் திரும்பி வந்தபோது, வில்பத்துக் காணிச் சர்ச்சையில் மீண்டும் இதன் பெயர் அடிபட்டது. செய்தியாளன் என்ற முறையில் அவ்விரண்டையும் பற்றிப் பலமுறை எழுதியவன் நான். ஆனால் இங்கு சொல்ல வந்தது அவற்றுக்கு முற்பட்ட வேறொரு கதை.

1905ஆம் ஆண்டு இக்கரையில் நடந்த முத்துச் சலாபத்தில் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. முந்நூறுக்கும் அதிகமான படகுகள். ஏறத்தாழ 5,000 குளியாளர்கள். பாரசீக வளைகுடாவிலிருந்து அராபியர் வந்தனர். கீழக்கரை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம், மன்னார் எனத் தமிழ்க் கரையெங்குமிருந்து மற்றவர்கள் வந்தனர். அராபியர் கொம்பாலான கவ்வியை மூக்கில் மாட்டிக்கொள்வார்கள். நம்மவர்கள் விரலால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, கல் கட்டிய கயிற்றில் கால் வைத்துக் கடலடிக்கு இறங்குவார்கள். மாலையில் படகுகள் திரும்பியதும் சிப்பிகள் 'கொட்டு' எனப்பட்ட அடைப்புக்குள் குவிக்கப்படும். மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு, ஒரு பங்கு குளியாளருக்கு. அரசாங்கப் பங்கு அன்றிரவே ஆயிரம் ஆயிரமாக ஏலம் போகும். வாங்கியவர் அவற்றை அழுகவிட்டு, கழுவி, அரித்து முத்தெடுப்பார். அடுத்த ஆண்டுச் சலாபத்தில் இளம் அதிகாரியாகப் பணியாற்றிய லெனாட் வூல்ஃப், அந்த நாற்றத்தையும் இலையான்களையும் பல ஆண்டுகள் கழித்தும் மறக்கவில்லை.

1905இல் அரசாங்கத்துக்குக் கிடைத்தது சுமார் 25 லட்சம் ரூபாய். இதற்கு முன்னரோ, 1891க்குப் பிறகு பதினோர் ஆண்டுகள் சலாபமே நடக்கவில்லை. அந்த வெறுமைதான் விஞ்ஞானியைக் கடலுக்கு அழைத்து வந்தது. லிவர்பூல் பேராசிரியர் வில்லியம் ஹேர்ட்மன் 1902 தொடக்கத்தில் இலங்கை வந்து, உதவியாளர் ஜேம்ஸ் ஹோர்னெலுடன் மன்னார் வளைகுடாவின் சிப்பித் தளங்களை ஆராய்ந்தார். அவரது அறிக்கையை ரோயல் சொசைட்டி 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களாக வெளியிட்டது.

அதற்கு முன் யாரும் சிப்பிகளை எண்ணியதில்லை என்று நினைத்துவிடக் கூடாது. ஒல்லாந்தர் காலத்திலிருந்தே தளங்களைப் பரிசோதித்த பின்னரே சலாபம் அறிவிக்கப்பட்டு வந்தது. குளியாளர்களை இறக்கி, ஒரு முழுக்குக்கு எத்தனை சிப்பி கிடைக்கிறது, அவற்றின் வயது என்ன, மாதிரிக்கு எடுத்தவற்றில் எவ்வளவு பெறுமதியான முத்து தேறுகிறது என்று கணக்கெடுப்பார்கள். இன்றைய மீன்வள ஆய்வாளர் செய்யும் மாதிரிக் கணிப்புக்கு இது மிக நெருங்கியதே. தளங்களின் பெயர்களும் நம்முடையவை: பெரிய பார், செவல் பார், மோதரகம் பார். ஆங்கில அறிக்கையும் இவற்றைப் 'பார்' என்றே எழுதியது.

ஹேர்ட்மனின் முக்கியக் கண்டுபிடிப்பு பெரிய பாரைப் பற்றியது. கரையிலிருந்து வெகு தொலைவில், ஆழ்கடலின் விளிம்பில் கிடக்கும் தளம் அது. குளியாளர்கள் அதைத் தாய்ப்பார் என்று கருதினார்கள். அங்கே பிறக்கும் குஞ்சுகள் நகர்ந்து உள்ளேயுள்ள பார்களை நிரப்புகின்றன என்பது அவர்கள் நம்பிக்கை. ஹேர்ட்மன் பழைய பதிவுகளைப் புரட்டினார். 1880 முதல் பதினொரு தடவையாவது அங்கே குஞ்சுச் சிப்பிகள் படிந்திருந்தன. ஒருமுறைகூடச் சலாபம் விளையவில்லை. 1902 மார்ச்சில் கணக்கற்ற குஞ்சுகளை அவரே பார்த்தார். அவ்வாண்டு முடிவதற்குள் அவை இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று கிளப்பும் கடலில் மணல் புரண்டு மூடிவிட்டது என்றே அவர் முடிவு செய்தார். தப்பியவற்றைத் தின்னத் திருக்கைகளும் கிளாத்தி மீன்களும் காத்திருந்தன. ஆகவே குஞ்சுகளை வாரி உள்தளங்களுக்கு மாற்றுங்கள், கல்லும் ஓடும் கொட்டிப் பற்றிடம் கொடுங்கள் என்றார்.

இந்த யோசனை தவறென்று நான் கருதவில்லை. அதை விலைபேசிய விதம்தான் தவறு. சிப்பி நாலைந்து ஆண்டில் முற்றி, அதன்பின் சில ஆண்டுகளில் தானாகவே மடிந்துவிடும். 1903 முதல் எடுக்கப்பட்டதெல்லாம் ஆராய்ச்சியின் விளைச்சல் அன்று. ஆராய்ச்சிக்கு முன்னரே அமைதியாகப் படிந்து வளர்ந்தவை. ஆனால் ஆராய்ச்சியும் அமோக அறுவடையும் ஒரே காலத்தில் வந்ததால், கடல் வசப்பட்டுவிட்டது என்ற எண்ணம் எழுந்தது. 1906இல் 'சிலோன் முத்துக்குளிப்போர் கம்பனி' இருபது ஆண்டுகளுக்குத் தளங்களைக் குத்தகைக்கு எடுத்தது. ஆண்டு வாடகை 3,10,000 ரூபாய். சிப்பி வளர்ப்புக்கு வேறு செலவிட வேண்டும். வாடகை மாறாது, கடல் மாறும். அந்த ஒப்பந்தத்தில் இதற்கு இடமிருக்கவில்லை.

1906இல் 6 கோடிக்கு மேல் எடுத்தார்கள். 1907இல் ஏறத்தாழ 2 கோடி. அத்துடன் சரி. தளங்கள் வெறுமையாகின, 1912இல் கம்பனி கலைக்கப்பட்டது.

பழைய அனுபவமும் உண்டு. ஒல்லாந்தரிடமிருந்து தளங்களைப் பெற்ற ஆங்கிலேயர் 1796, 1797, 1798 என மூன்று ஆண்டுகள் விடாமல் குளித்தார்கள். பிறகு நெடிய வறட்சி. மிகையாக எடுத்ததால் அழிந்ததா, இயற்கையாகவே அழிந்ததா என்ற வழக்கு அன்றே தொடங்கியது. இரண்டும் கலந்தே நடந்திருக்கும் என்பது என் கருத்து. பருவக்காற்று குஞ்சை மூடும் ஆண்டில், முட்டையிடும் மூத்த சிப்பிகளையும் அள்ளிவிட்டால் மறுபடி விதை ஏது?

முத்து எவ்வாறு உருவாகிறது என்பதற்கு ஹேர்ட்மன் சொன்ன விளக்கமும் நிலைக்கவில்லை. நாடாப்புழுவின் இளம்பருவமே முத்தின் கரு என்றார். அவர் அப்படி எழுதிக்கொண்டிருந்த ஆண்டுகளில் ஜப்பானில் சிப்பிக்குள் கருவைத்து முத்து வளர்க்கும் வேலை முன்னேறிக்கொண்டிருந்தது. பின்னர் அந்த வளர்ப்பு முத்துகளே இயற்கை முத்தின் விலையை வீழ்த்தின.

ஹோர்னெல் மட்டும் இக்கடலை விடவில்லை. சென்னை மாகாணத்துக்குச் சென்று, அங்கே மீன்வளத் துறையின் இயக்குநராக உயர்ந்து, சங்கு குளிப்பையும் நம்மவர் படகுகளையும் விரிவாகப் பதிவு செய்தார். குளியாளரின் பேச்சைக் கேட்டு எழுதியவர் அவர். இக்கரையின் வரலாறு எழுதுவோருக்கு இன்றும் அவரே துணை.

இலங்கையில் அடுத்த சலாபம் 1925இல், பயன் சொற்பம். அதற்கடுத்தது 1958இல். அம்முறை கடலடியை வாரும் இயந்திரப் பொறியையும் இறக்கினார்கள். அதன் பின்னர் மறிச்சுக்கட்டிக் கடலில் எவரும் முத்துக்குளிக்க அழைக்கப்படவில்லை.