முடி நடவு சிகிச்சைக்குப் பின் முடியின் தன்மை மாறுதல்

தலையின் பின்புறத்திலும் பக்கவாட்டிலும் உள்ள மயிர்க்கால்களை எடுத்து, வழுக்கை விழுந்த பகுதியில் பதிப்பதே முடி நடவு சிகிச்சை. நடப்பட்ட இடத்தில் முளைக்கும் முடி தொடக்கத்தில் சொரசொரப்பாகவும், சுருண்டும், பளபளப்பு இன்றியும் இருப்பதுண்டு. பிறவியிலேயே நேரான முடி கொண்டவருக்கும் இவ்வாறு நேரலாம். பெரும்பாலோருக்கு இது தற்காலிகமானது. 12 முதல் 18 மாதங்களில் படிப்படியாகத் தணியும்.

மாற்றம் ஏன் ஏற்படுகிறது?

மயிர்க்கால் தோலுக்குள் சுமார் 4 முதல் 5 மில்லிமீட்டர் ஆழத்தில் அமைந்துள்ளது. முடியின் வடிவத்தைத் தீர்மானிப்பது அதன் வளைவே. எடுத்துப் பதிக்கும்போது மயிர்க்கால் சிறிது நசுங்கலாம் அல்லது உலர்ந்துபோகலாம். பதித்த புண் ஆறும்போது சுற்றிலும் தோன்றும் நுண்ணிய தழும்பு அதனை அழுத்தவும் கூடும். அவ்வாறு கோணிய மயிர்க்காலிலிருந்து வெளிவரும் முடி முறுக்கிக்கொண்டே வளரும். அதனுடன் இணைந்துள்ள எண்ணெய்ச் சுரப்பி சில மாதங்கள் சரிவர இயங்காவிடில் முடி வறண்டு காணப்படும். தழும்பு மென்மையடைந்து சுரப்பி மீண்ட பின் முளைக்கும் முடி வேறுபட்டிருக்கும்.

நட்ட முடி 2 முதல் 6 வாரங்களில் உதிர்ந்துவிடுவதும் இயல்பே. நாற்றங்காலிலிருந்து பறித்து நட்ட நாற்று சில நாள் வாடிப் பிறகு பச்சை பிடிப்பதைக் காவிரிப் படுகையினர் நன்கறிவர். இங்கும் வேர் தங்குகிறது, மேற்பகுதி மட்டுமே விழுகிறது. மூன்று, நான்கு மாதங்களில் புதிய முடி அரும்பும். முடி மாதத்திற்குச் சுமார் ஒரு சென்டிமீட்டரே வளர்வதால், ஓராண்டு நிறைவிலும் அதன் நீளம் 8 அல்லது 9 சென்டிமீட்டரைத் தாண்டாது. குட்டையான முடி விறைத்து நிற்கும். அதனாலேயே கையில் முரடாகத் தோன்றும்.

எல்லா வேறுபாடும் மறைந்துவிடும் என்று கருத வேண்டாம். நடப்பட்ட முடி, தான் எடுக்கப்பட்ட இடத்தின் இயல்பையே பெரும்பாலும் தக்கவைத்துக்கொள்ளும். அமெரிக்கத் தோல் மருத்துவர் நார்மன் ஓரென்ட்ரைக் 1959 ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரை இதனை நிலைநாட்டியது. எனவே பின்மண்டையின் தடித்த முடி, நெற்றியோரத்தில் மெலிந்து நிற்கும் பழைய முடிக்கு அருகே தனித்துத் தெரியலாம். தாடியிலிருந்து எடுத்து நட்ட முடி தலையிலும் தாடி முடியாகவே இருக்கும். இவ்வகை வேறுபாட்டைக் காலம் போக்காது. எங்கிருந்து முடி எடுக்கப்படும் என்பதைச் சிகிச்சைக்கு முன்பே கேட்டறிவது அவசியம்.

நாகூர் போன்ற கடலோர ஊர்களில்

உவர்நீரில் தலைக்குக் குளிப்பதால்தான் நட்ட முடி கெட்டுவிட்டது எனப் பலர் எண்ணுகின்றனர். உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த நீர் முடியின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கும். மயிர்க்காலின் வளைவை மாற்றாது. வேறுபடுத்தி அறிய எளிய வழி உண்டு. தலை முழுவதும் முடி முரடானால் நீரையோ, ஷாம்பூவையோ, சாயத்தையோ ஐயுறலாம். நட்ட பகுதி மட்டும் மாறியிருந்தால் காரணம் நடவே. கடைசியாக ஒரு குடம் நல்ல தண்ணீரில் தலையை அலசுவது முந்தைய சிக்கலுக்குப் போதுமானது.

நாகூர் தர்காவிலும் வேளாங்கண்ணியிலும் முடி இறக்கும் நேர்த்திக்கடன் சமய வேறுபாடின்றிப் பலரிடம் உள்ளது. மழித்தால் சுருள் நீங்கி அடர்த்தியாக வளரும் என்ற நம்பிக்கையும் இதனுடன் சேர்ந்துகொள்கிறது. மழிப்பது முடியின் தடிமனையோ வளரும் வேகத்தையோ மாற்றுவதில்லை என்பது 1928 ஆம் ஆண்டிலேயே ஆய்வில் தெரியவந்தது. வெட்டிய நுனி மழுங்கலாக இருப்பதால் தடித்ததுபோல் படுகிறது, அவ்வளவே. நட்ட இடத்தில் சவரக்கத்தி படுவதைக் குறைந்தது ஆறு மாதங்களுக்குத் தள்ளிவைத்து, மருத்துவரின் ஒப்புதல் பெற்ற பின்னரே நேர்த்திக்கடனை நிறைவேற்றலாம். உம்ரா, ஹஜ் செல்லும் ஆண்கள் மழிப்பதற்குப் பதிலாக முடியைக் கத்தரித்துக் குறைத்துக்கொள்ளவும் இடமுண்டு என்பதை நினைவிற்கொள்ளலாம்.

வெளிநாட்டில் சிகிச்சை பெற்று ஊர் திரும்புவோர் எடுக்கப்பட்ட இடம், நட்ட மயிர்க்கால்களின் எண்ணிக்கை, கையாண்ட முறை, கொடுத்த மருந்துகள் ஆகியவற்றை எழுத்தில் பெற்று வருதல் வேண்டும். பின்னர் முடியைப் பார்க்கும் மருத்துவருக்கு இவை இல்லாமல் காரணத்தைக் கணிப்பது கடினம்.

செய்யத்தக்கவை, தவிர்க்கத்தக்கவை

புண் முழுதும் ஆறிய பின் மென்மையான ஷாம்பூவும், குளித்தபின் நுனிகளில் சிறிது தேங்காய் எண்ணெயும் போதும். முடியை நேராக்கும் இரசாயனச் சிகிச்சையை முதல் ஓராண்டில் அறவே தவிர்க்க வேண்டும். சூடாக்கும்போது சில பொருள்களிலிருந்து ஃபார்மால்டிஹைடு வெளிப்படும். வேறு சிலவற்றால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதும் பதிவாகியுள்ளது. வளைந்து நிற்கும் முடியைப் பிடுங்குவதும் கூடாது, மயிர்க்கால் சேதமுறும்.

குடும்பத்தினர் மாதம் ஒருமுறை, ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் ஒளிப்படம் எடுத்துவைப்பது நல்லது. கண்ணாடியில் தினமும் பார்ப்பவருக்குப் புலப்படாத முன்னேற்றம் அதில் தெரியும். கேலிப் பேச்சுக்கு அஞ்சி வெளியே செல்லாதிருப்பவருக்கு அந்தப் படங்களே பெரும் ஆறுதல்.

மறுமுறை நடவுக்கு விரைய வேண்டாம்

ஆறாவது மாதத்திலேயே மனம் நொந்து, குறைந்த கட்டணம் கேட்கும் இடத்தில் மீண்டும் நட்டுக்கொள்வது ஆபத்தானது. பின்மண்டையில் எடுக்கத்தக்க மயிர்க்கால்கள் அளவுக்குட்பட்டவை. செலவிட்டால் திரும்பக் கிடைக்காது. இது அழகு நிலையத்தில் செய்யத்தக்கதும் அன்று. 2016 ஆம் ஆண்டு சென்னையில் இச்சிகிச்சை செய்துகொண்ட மருத்துவ மாணவர் ஒருவர் அதன்பின் உயிரிழந்தார். முறையான அறுவைப் பயிற்சி பெற்ற பதிவுபெற்ற மருத்துவரே இதனைச் செய்ய வேண்டும் என்றும், பயிலரங்குகளிலோ யூடியூபிலோ பார்த்தறிவது பயிற்சியாகாது என்றும் தேசிய மருத்துவ ஆணையம் 2022 ஆம் ஆண்டு வழிகாட்டியது. மருத்துவரின் பதிவு எண்ணைக் கேட்பது நோயாளியின் உரிமை.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

சீழ், பரவும் சிவப்பு, காய்ச்சல், தோலுக்குள் புதைந்த முடியால் எழும் வலிமிகு கட்டிகள் ஆகியவை தென்பட்டால் அன்றே மருத்துவரைக் காண வேண்டும். 18 மாதங்கள் கடந்தும் முடி முறுக்காகவே இருந்தாலும், தலை முழுவதும் முடி வறண்டு உதிர்ந்தாலும் பரிசோதனை தேவை. பின்னதற்குத் தைராய்டு சுரப்புக் குறைவோ, இரும்புச்சத்துக் குறைவோ, புதிதாகத் தொடங்கிய மருந்தோ காரணமாக இருக்கலாம். நாகப்பட்டினம், தஞ்சாவூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் நோய்ப் பிரிவை அணுகலாம். ஆலோசனைக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம்.